இதயத்தில் சிறு துளை இருந்தால் ஆப்பரேஷன் செய்யலாமா? மயக்க மருந்து மருத்துவரின் பதில்கள்

பித்தப்பைக் கல்லுக்கு ஆப்பரேஷன் செய்ய வேண்டும், டாக்டர். எக்கோவில் (இதய ஸ்கேன்) 'பிஎஃப்ஓ' என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பிஎஃப்ஓ என்பது இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சிறு துளை. கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் இந்த வழி உண்டு. பிறந்தபின் ஒரு மடிப்பு அதை மூடிவிடும். நாலு பேரில் ஒருவருக்கு அது முழுசாக ஒட்டுவதில்லை. பலருக்குக் கடைசிவரை தெரியவும் தெரியாது.

பிறகு ஏன் பக்கவாதம் வரும் என்கிறார்கள்?

ஆப்பரேஷனுக்குப் பிறகு அசையாமல் படுத்திருக்கும்போது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி பிய்ந்து வந்தால் வழக்கமாக நுரையீரலில்தான் போய் நிற்கும். அதுவே ஆபத்துதான். ஆனால் நோயாளி இருமும்போதோ முக்கும்போதோ இதயத்தின் வலப்பக்க அழுத்தம் ஏறி, அந்த மடிப்பு சற்றே விலகும். அந்த நொடியில் கட்டி இடப்பக்கம் தாண்டிவிட்டால் நேரே மூளைக்குப் போகலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த மருத்துவமனைகளிலும் சுமார் 1.5 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயம் அல்லாத ஆப்பரேஷன்கள். 30 நாளுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு, துளை இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 2.2, இருப்பவர்களில் 5.9 என்று கணக்கிட்டார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே துளை இருப்பதாகப் பதிவானவர்கள் 1 சதவீதம்தான். ஏதோ ஒரு காரணத்துக்காக எக்கோ எடுத்ததால் தெரியவந்தவர்கள் அவர்கள். 'இல்லை' என்ற பட்டியலிலும் துளை உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆப்பரேஷன். முதலில் துளையை அடைத்துவிடலாமா?

பக்கவாதமே வராதவருக்கு, ஆப்பரேஷனுக்காக மட்டும் அடைக்கச் சொல்ல ஆதாரம் இல்லை. வேறு காரணம் தெரியாமல் ஏற்கெனவே பக்கவாதம் வந்த, பெரும்பாலும் 60 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் அடைப்பதால் பலன் என்று 2017இல் வந்த ஆய்வுகள் காட்டின. அடைத்தாலும் சில மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட வேண்டும். மூட்டு ஆப்பரேஷன் அதுவரை தள்ளிப்போகும்.

அம்மாவுக்குச் சமீபத்தில் பக்கவாதம் வந்திருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆப்பரேஷனால் கூடும் ஆபத்து இறங்கி நிலைக்குவர சுமார் 9 மாதம் ஆனது.

நாங்கள் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

எக்கோ ரிப்போர்ட்டை மயக்க மருந்து டாக்டரிடம் கையில் கொடுத்துக் காட்டுங்கள். சர்ஜனிடம் சொல்லியாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்தால் டிரிப்ஸ் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் பார்த்துக்கொள்வோம். அதுவும் அதே வழியாகத் தாண்டக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி எப்போது தொடங்கும், காலுக்கு அழுத்தச் சாதனம் போடுவார்களா, எப்போது எழுந்து நடக்கலாம் என்று கேளுங்கள். ஏற்கெனவே போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பக்கவாதம் வந்தால் எப்படித் தெரியும்?

வாய் கோணும், ஒரு பக்கக் கை தூக்க வராது, பேச்சு குழறும். ஆப்பரேஷன் முடிந்த அன்று இதெல்லாம் 'மயக்கம் இன்னும் தெளியவில்லை' என்றே தோன்றும். அப்படி எண்ணிக் காத்திருக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். புதிய காயம் இருப்பதால் கட்டியைக் கரைக்கும் மருந்து பலருக்குக் கொடுக்க முடியாது. தொடைவழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கலாமா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.