ஏஐ வேண்டாம் என்கிற பெண்ணைத் திட்டாதீர்கள் அண்ணா

பல்லடத்திலிருந்து பேசிய அண்ணாவுக்கு, போனில் பாதியில் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் கட்-ஆஃப் 184 வைத்திருக்கும் உங்கள் பெண், ஏஐ (செயற்கை நுண்ணறிவு) - டேட்டா சயின்ஸ் படிப்பு வேண்டவே வேண்டாம், அது கரண்டையும் தண்ணீரையும் குடிக்கிறது என்று அடம் பிடிக்கிறாள். "எல்லாம் ரீல்ஸ் பார்த்து வந்த புத்திங்க" என்று நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். ரீல்ஸோ என்னவோ, பாதி சரியாகத்தான் சொல்கிறாள்.

தப்பான பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். கூகுளின் ஏஐயான ஜெமினியில் எழுத்தில் கேட்கிற சாதாரணக் கேள்விக்கு 0.24 வாட்-மணி ஆகிறது என்று கூகுள் 2025இல் கணக்குச் சொன்னது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றரை நிமிடம் எரிகிற அளவுதான், தண்ணீர் ஐந்து சொட்டு. (விற்கிறவர் கொடுத்த கணக்கு, ஏஐயை முதலில் பழக்கி எடுக்கும் செலவு இதில் இல்லை.) அவள் பாடத்தில் சந்தேகம் கேட்டால் நொய்யல் ஒன்றும் வற்றிவிடாது.

ஆனால் மொத்தமாகக் கூட்டினால் கதை வேறு. ஏஐயும் இணையமும் ஓடுகிற கம்ப்யூட்டர் கிடங்குகளான டேட்டா சென்டர்கள், உலகம் முழுக்க எல்லாம் சேர்ந்து 2024இல் இழுத்தது சுமார் 41,500 கோடி யூனிட், 2030இல் அது இரண்டு மடங்குக்கும் மேலே போகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. அயர்லாந்தில் 2023இல் மீட்டரில் ஓடிய கரண்டில் 21 சதவீதம் இவற்றுக்கே போனது, அந்த நாட்டு நகரத்து வீடுகள் அத்தனையும் சேர்ந்தாலும் அவ்வளவு இல்லை. அமெரிக்காவில் மூடிக்கிடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையை மறுபடி ஓட்டி, அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ள 2024இல் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தமே போட்டது.

இதைக் கேட்டதும் எனக்குத் திருப்பூர்தான் நினைவுக்கு வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது, அப்புறம் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஆர்ஓ, எவாப்பரேட்டர் எல்லாம் தெரிந்த ஆட்களைத்தான் எல்லாரும் தேடினார்கள். டேட்டா சென்டரிலும் அப்படித்தான் நடக்கும் என்பது என் எண்ணம். கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கும் சில்லர், ட்ரான்ஸ்ஃபார்மர், யுபிஎஸ், பேட்டரி இதையெல்லாம் புரிந்து, வேலை கெடாமல் யூனிட்டைக் குறைக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

அதனால் நான் சொல்வது ட்ரிபிள்-இ, அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். பைக்காரா கரண்ட் வந்து மில் பெருகிய சீமை நம்முடையது, பம்ப்செட்டும் மோட்டாரும் செய்து பிழைக்கிற ஊருக்கு இந்தப் படிப்பு புதிதும் இல்லை. உடுமலைக் காற்றாலை சீசனில்தான் நன்றாகச் சுற்றும், டேட்டா சென்டருக்கோ ராத்திரி பகல் கரண்ட் வேண்டும், மிச்சக் கரண்டை எங்கே வைப்பது? ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றிவைத்து 400 மெகாவாட் எடுக்கிறார்களே, முடிந்தால் அவளுக்கு அதைப் பற்றிச் சொல்லுங்கள், கண் விரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் சம்பளம் சாஃப்ட்வேர்க்காரப் பையன்களைவிடக் குறைவாக இருக்கலாம், மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும். கூடவே பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியும் படிக்கட்டும், அதை விட்டுவிட வேண்டாம்.

சாய்ஸ் கொடுப்பதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஏசி போட்ட செமினார் ஹாலைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் மெஷின்ஸ் லேப்பைத் திறக்கச் சொல்லி, மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள்.