நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் இயற்பியலா?

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு. கோடை விடுமுறையில் பத்து நாள் இயற்பியல் முகாமுக்குப் போய்வந்தாள். என்ன படித்தாய் என்றால் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினோம் என்கிறாள். நோட்டில் ஒரு சூத்திரம்கூட இல்லை, ஒரே அடித்தல் திருத்தல். நாலு பேர் குழு என்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று செய்யும், மற்றவை வேடிக்கை பார்க்கும், இல்லையா? புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிகிற விஷயத்துக்கு இத்தனை நாள் தேவையா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நானும் இப்படிப்பட்ட முகாம்களில் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். ஒருமுறை இதே ஊசல்தான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மீட்டர் நூல், ஒரு கல், ஒரு ஸ்டாப்வாட்ச். போய்த் திரும்பினால் ஒரு ஆட்டம். பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். (ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தால் பொத்தானை அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும், பத்தை அளந்து வகுத்தால் அந்தப் பிழையும் பத்தில் ஒரு பங்காகிவிடும்.) எல்லாருக்கும் 20 விநாடியை ஒட்டி வந்தது, ஒரு குழுவுக்கு மட்டும் திரும்பத் திரும்ப 18.

கல் கனம், அதனால்தான் வேகமாக ஆடுகிறது என்றான் ஒருவன். சரி என்று பக்கத்துக் குழுவின் சின்னக் கல்லை வாங்கிக் கட்டினார்கள். 18. நூல் குட்டையோ என்று முடிச்சிலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை அளந்தார்கள், சரியாக ஒரு மீட்டர். கடைசியில், அதுவரை எழுதிக்கொண்டு மட்டும் இருந்த, வாயே திறக்காத ஒரு பெண் நான் எண்ணட்டுமா என்றாள். 20 வந்தது! முன்பு எண்ணிய பையன் கல்லை விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என்று தொடங்கியிருக்கிறான், அவன் ‘பத்து’ என்றபோது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருந்தது. ‘பூஜ்யம்’ என்று தொடங்கியிருக்க வேண்டும்.

கல்லின் எடை மாறினாலும் ஆடும் நேரம் மாறாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிழையைத் தேடிப் போன வழியில் தாங்களே கண்டார்கள். இதையே படித்து மட்டும் வைத்திருக்கிற பிள்ளை தேர்வில் சரியாக எழுதிவிடும், ஆனால் கனமான கல்தான் வேகமாக ஆடும் என்ற எண்ணம் உள்ளே அப்படியே கிடக்கும், கல்லூரி மாணவர்களிடமே பார்த்திருக்கிறேன். தனியாகச் செய்திருந்தால் அந்தப் பையன் 18 என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். அதை வைத்துக் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் (கீழே விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி கூடுகிற அளவு) 9.8க்குப் பதில் 12க்கு மேல் வரும்.

குழுவைப் பற்றி நீங்கள் சொல்வது நடக்கிற விஷயம்தான், மறுக்கமாட்டேன். வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்காவிட்டால் துறுதுறுப்பான பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அதனால் என்ன படித்தாய் என்று கேட்காமல், நீ எதை அளந்தாய், யாரோடு வாக்குவாதம் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், ஒரு மீட்டர் நூலும் கல்லும் எடுத்து வையுங்கள். பத்து ஆட்டம் 20 விநாடிக்குப் பதில் 10 விநாடியில் முடிய நூல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். பாதி, 50 செ.மீ. என்றுதான் முதலில் தோன்றும். ஆட்டினால் 14 விநாடி வரும். 25 என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவளே வெட்டி வெட்டிப் பார்க்கட்டும். நீங்கள் எண்ணிக் கொடுங்கள், பூஜ்யத்திலிருந்து.