எக்செல் கேள்வி - பதில்: பூஜ்யத்தை மறைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சங்கத்தின் சந்தாக் கணக்கு எக்செலில் இருக்கிறது. பணம் கட்டாத மாதங்களில் எல்லாம் 0 வந்து நிற்கிறது. கூட்டத்தில் திரையில் காட்டினால் பூஜ்யம்தான் கண்ணில் படுகிறது. மறைக்க வழி உண்டா?

பதில்: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் ஃபார் திஸ் வொர்க்‌ஷீட்' பகுதி வரை கீழே இறங்குங்கள். 'ஷோ எ ஜீரோ' என்று தொடங்கும் வரியில் டிக்கை எடுத்தால் அந்த ஷீட்டின் எல்லாப் பூஜ்யமும் மறையும். நிலுவை 0 என்று தெரிந்தே ஆகவேண்டிய செல்லும் காலியாகிவிடும் என்பதால் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சந்தா செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 1 அழுத்துங்கள். நம்பர் தாவலில் கஸ்டம் எடுத்து, டைப் பெட்டியில் இப்படி அடியுங்கள்:

#,##0;-#,##0;;@

அரைப்புள்ளிகளுக்கு இடையே உள்ளவை வரிசையாக நேர் எண், எதிர் எண், பூஜ்யம், எழுத்து ஆகியவற்றுக்கானவை. மூன்றாவது இடம் காலி. ஆகவே பூஜ்யம் தெரியாது. அங்கே "-" போட்டால் சிறுகோடு வரும். கணக்குக்கு அதுவே நல்லது. வெற்றிடத்தைப் பார்ப்பவர் பதிய மறந்துவிட்டதாக நினைக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 0 செல்லில்தான் இருக்கிறது. ஆவரேஜ் போட்டால் அதுவும் எண்ணிக்கையில் சேரும். 0.40 போன்ற தொகை பூஜ்யம் அல்ல என்பதால் '0' என்றே தெரியும். இஃப் ஃபார்முலாவில் 0 வந்தால் "" காட்டச் சொல்வது பலருக்குப் பழக்கம். அந்த "" எழுத்தாகிவிடுவதால், அந்த செல்லை + குறியால் கூட்டும்போது #வேல்யூ! பிழை வரும்.

கேள்வி: ஷீட்டில் தெரியும் சாம்பல் கோடுகளை மறைக்க எல்லாச் செல்லுக்கும் வெள்ளை நிறம் அடித்துவிட்டேன். சரிதானே?

பதில்: வேண்டாம். செல்லை வேறு ஷீட்டுக்கு நகலெடுத்தால் அந்த வெள்ளையும் கூடவே போகும். வியூ தாவலில் கிரிட்லைன்ஸ் டிக்கை எடுத்தால் போதும். இது ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனி. மொத்தமாக மாற்ற, ஷீட் பெயரில் வலது கிளிக் செய்து 'செலக்ட் ஆல் ஷீட்ஸ்' கொடுத்துவிட்டு டிக்கை எடுங்கள். முடிந்த கையோடு 'அன்குரூப் ஷீட்ஸ்' கொடுங்கள். மறந்தால், ஒரு ஷீட்டில் அடிப்பது எல்லா ஷீட்டிலும் பதிந்து பழைய கணக்கை அழித்துவிடும். தாளில் கோடு வேண்டிய இடங்களுக்கு பார்டர் போடுங்கள்.

கேள்வி: தசமத்தை மறைத்தேன். 10, 10, 10 கூட்டினால் 31 வருகிறது!

பதில்: உள்ளே இருப்பது 10.4 மூன்று முறை, கூட்டினால் 31.2. 'டிக்ரீஸ் டெசிமல்' பொத்தான் பார்வையை மட்டுமே மாற்றும். ஒவ்வொரு வரியிலும் ரவுண்டு ஃபார்முலாவால் முழு எண்ணாக்கிவிட்டு, பிறகு கூட்டுங்கள். ஆப்ஷன்ஸில் இருக்கும் 'செட் ப்ரிசிஷன் அஸ் டிஸ்ப்ளேட்' பக்கம் போகாதீர்கள். ஃபைல் முழுக்க மறைந்த தசமங்களை அது நிரந்தரமாக வெட்டிவிடும்.