ஆறு மைல் சதுரம்

அன்புள்ள ஐயா,

மினசோட்டாவில், ராச்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் காரை எடுத்துக்கொண்டு மேற்கே கிராமத்துச் சாலைகளில் சுற்றுவேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா. நடுவில் ‘இன்ன டவுன்ஷிப்’ என்று ஒரு பலகை வரும். அதற்கப்புறம் தெரு கிடையாது, கடை கிடையாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். ஊர் எங்கே ஐயா? நூல் பிடித்தாற்போல் போகிற சாலை திடீரென்று ஒடிந்து திரும்புவது ஏன்? இந்த ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதாவது உண்டா?

ம., ராச்செஸ்டர்

அன்புள்ள ம.,

அங்கே தெரு இல்லாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1785-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட ஆணை, மேற்கு நிலங்களைப் பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரங்களாக அளக்கச் சொன்னது. அந்தச் சதுரம்தான் நீங்கள் பலகையில் பார்த்த டவுன்ஷிப். ஒவ்வொரு சதுரத்திலும் 36 பிரிவுகள். பிரிவுக்கு 640 ஏக்கர். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு சதுப்பிலும் புதரிலும் நடந்தே அளந்தார்கள். வடகிழக்கு மூலையில் 1-ல் தொடங்கி மேற்கே 6 வரை, அதற்குக் கீழே 7, பிறகு கிழக்கே என்று ஏர் மாடு திரும்புவதுபோல எண்கள் போய்த் தென்கிழக்கு மூலையில் 36-ல் முடியும். 16-ம் பிரிவு பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கீடு. மினசோட்டாவில் 36-ம் பிரிவும்.

1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறுபவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஆனால் அந்த நிலத்திலேயே ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். வயலுக்கு நடுவே வீடு வந்தது இப்படித்தான். அது யாருமற்ற நிலமும் அல்ல. தெற்கு மினசோட்டாவை 1851 உடன்படிக்கைகளில் டகோட்டா பழங்குடி மக்களிடமிருந்து எழுதி வாங்கியிருந்தார்கள். பேசிய பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1862-லேயே போர் மூண்டது. மறு வருடம் அவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். அந்தச் சதுரங்களின் ஒழுங்கை வியப்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சாலை ஒடிவது பூமி உருண்டை என்பதால். தீர்க்கக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும்; சதுரம் குறுகிவிடும். அதனால் சில பத்து மைல்களுக்கு ஒருமுறை கோட்டை விலக்கிப் புதிதாக அளக்கத் தொடங்கினார்கள். பிரிவின் எல்லைமீதே போடப்பட்ட சாலையும் அங்கே விலகித் திரும்புகிறது. எல்லா வளைவுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஓடையும் குளமும்கூட உண்டு.

ஜனங்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்துச் சிற்றூரில் தேவாலயத்தின் நிலவறையில் ஆளுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்து சாப்பிடுவார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் பணம் சேர்க்கப் பான்கேக் சுட்டு விற்பார்கள். எதிரே பிக்கப்பில் வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள்.

டவுன்ஷிப் நிர்வாகம் மிகச் சிறியது: சில மேற்பார்வையாளர்கள், ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர். ஜல்லிச் சாலை, மதகு, பனி அள்ளுவது, களை என்று அதற்கான வேலைகள். வேலியில் யார் பங்கு எவ்வளவு என்று இரண்டு பண்ணைக்காரர்கள் முட்டிக்கொண்டால், மேற்பார்வையாளர்கள் நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஆண்டுக் கூட்டம். வந்தவர்களே கூட்டத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, வரியாக எவ்வளவு தண்டுவது என்று தாங்களே வாக்களிப்பார்கள். இன்னும் இரண்டு லாரி ஜல்லி வேண்டும் என்பவர், அதற்கு வரி கட்டப்போகும் பக்கத்து வயல்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இதை ஜனநாயகத்தின் உச்சம் என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உருக்கமில்லை. பண்ணைகள் பெருத்து ஆட்கள் குறைந்த இடங்களில் பாதி நாற்காலி காலி. பதவிக்கும் கெஞ்சித்தான் ஆள் பிடிக்க வேண்டும். ஆனாலும் வரியை முகத்துக்கு முகம் பேசித் தீர்மானிக்கும் இடங்கள் வேறு எத்தனை இருக்கின்றன?

ஒருமுறை போய்ப் பாருங்கள். வாக்களிக்க அந்த டவுன்ஷிப்பின் வாக்காளராக இருக்க வேண்டும். உட்கார்ந்து கேட்கத் தடையில்லை. பனிப்புயல் அடித்தால் கூட்டம் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.