பதிவேட்டில் எந்த எழுத்துக்கு இடம்?

கேள்வி: வாயில் நுழையாத வடமொழிப் பெயர்களைக் குழந்தைகளுக்குச் சூட்டுவது பெருகிவிட்டது. நியூசிலாந்தில் கண்ட கண்ட பெயர்களைப் பதிவு செய்ய அரசு மறுக்கிறது. அதுபோல, ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் வரும் பெயர்களைப் பிறப்புப் பதிவேட்டில் ஏற்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தால் என்ன? வடவெழுத்தை விலக்கச் சொன்னவர் தொல்காப்பியர்தானே?
– ஜெ. ம., கும்பகோணம்

பதில்: நியூசிலாந்துச் சட்டத்தையும் நீங்கள் கேட்கும் சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே பதிவுச் சட்டம் அருவருப்பான பெயர், அளவுக்கு மீறி நீளும் பெயர், அரசர், நீதிபதி என்று பட்டம்போலத் தோன்றும் பெயர் ஆகியவற்றைத் தடுக்கிறது. ஹவாயிலிருந்து வந்து ஹுலா நடனமாடுகிறாள் என்னும் பொருளில் ஒரு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமி, அதைத் தோழிகளிடம்கூடச் சொல்லக் கூசி மறைத்து வந்தாள் என்பதை அறிந்த நீதிமன்றம், பெயரை மாற்றுவதற்காகவே அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்ட செய்தி 2008இல் வெளியானது. பெற்றோரின் விளையாட்டுத்தனத்திலிருந்து ஒரு பிள்ளையைக் காத்தார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்பது எழுத்துக்குத் தடை. அதற்கு முன்னோடியைத் துருக்கியில்தான் தேட வேண்டும்.

அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கி, 1928 நவம்பரில் 29 எழுத்துகளைச் சட்டமாக்கியது. க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் அதில் இல்லை. துருக்கி மொழிக்கு அவை தேவைப்படவில்லை. அங்கே சிறுபான்மையினராக வாழும் குர்து இனத்தாரின் மொழிக்கோ அவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பண்பாட்டுக்கு ஒவ்வாத பெயர்களைத் தடுத்தது. 2003இல் அந்தச் சொற்றொடரை நீக்கினார்கள். குர்துப் பெற்றோர் பெருமூச்சு விடுவதற்குள், பெயர் துருக்கி எழுத்துகளில்தான் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தாயகம் என்று பொருள்படும் ‘வெலாத்’ என்ற பெயரைக் குர்து முறைப்படி டபிள்யூவில் தொடங்கிப் பதிவு செய்ய முடியாது; ‘வி’ போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓசை ஏறக்குறைய ஒன்றுதானே, என்ன குறைந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். 2010இல் ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் உரிமை மீறல் இல்லை என்றே தீர்ப்பளித்தது. என் வாதத்துக்கு இடைஞ்சலானது என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. ஆயினும் அதே நாட்டில் ‘ஷோ டிவி’ என்ற தனியார் தொலைக்காட்சி, பெயரின் முதற்சொல்லின் கடைசியில் ஒரு டபிள்யூவை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாக வீடுதோறும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியின் பெயரில் உறுத்தாத எழுத்து குர்துக் குழந்தையின் பெயரில் மட்டும் உறுத்தியது என்றால், சட்டத்தின் கண் எழுத்தின்மேலா இருந்தது? அந்த எழுத்துகளைப் பயன்படுத்தினால் தண்டிக்க வழி செய்த பிரிவு 2014இல்தான் நீங்கியது.

இந்தத் துருக்கிதான், தன் இனத்தார்க்கு இதே கொடுமை நேர்ந்தபோது உலகத்தைக் கூட்டி நியாயம் கேட்டது. 1984 டிசம்பரில், அண்டை நாடான பல்கேரியாவின் கம்யூனிஸ்ட் அரசு, தன் எல்லைக்குள் துருக்கிய இனத்தார் வாழ்ந்த ஊர்களைப் படைகொண்டு சூழ்ந்து, பல்கேரியப் பெயர்ப் பட்டியலை நீட்டி, இதிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்றது. சில மாதங்களில் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் மாறின. இறந்துபோனவர்களையும் விட்டுவைக்காமல், பதிவேட்டில் அவர்கள் பெயர்களையும் திருத்தினார்கள். பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோவ் ‘நவூம் ஷலமானோவ்’ ஆக்கப்பட்டார். 1986 டிசம்பரில் மெல்போர்ன் போட்டிக்குப் போன இடத்தில் அவர் அணியை விட்டுத் தப்பித் துருக்கி சேர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில், சுலைமானோக்லு என்ற பெயரில், துருக்கிக்காகத் தங்கம் வென்றார். அவருடைய பெயரை மீட்டுக் கொடுத்ததாகத் துருக்கி கொண்டாடிய அந்த நாள்களில், குர்துப் பெயரோடு பதிவாளரிடம் போன தகப்பனைத் தடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நடப்பில் இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். நீங்கள் குறிவைப்பது ‘ஷ்’ என்று முடியும் புதுப்பாணிப் பெயர்களை. எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதும் அந்த மோகம் எனக்கும் எரிச்சலூட்டுவதுதான். ஆனால் உங்கள் சட்டம் வந்தால், பதிவாளர் முன்னால் நிற்கப்போகிறவர்களில் ஹமீதும் ஜோசப்பும் ஷாஜகானும் இருப்பார்கள்; தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசி வரும் அவர்களிடம், உன் பெயர் தமிழாகவில்லை, திருத்திக்கொண்டு வா என்று சொல்ல வேண்டியிருக்கும். 2021இல் இம்மாநிலத்தின் முதலமைச்சராகப் பதவியேற்றவரின் பெயரே ‘ஸ்’ என்ற எழுத்தில் தொடங்குவது என்பதையும், சட்ட வரைவை எழுதுவதற்கு முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியரைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். எச்சவியலில் அவர் வடசொல்லுக்கு விதி வகுத்தது செய்யுள் செய்வோர்க்கு. பிறப்புப் பதிவாளருக்கு அல்ல. லக்ஷ்மணனைக் கம்பர் இலக்குவன் ஆக்கினார். எந்த மன்னனும் ஆணையிட்டு அது நடக்கவில்லை. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் அவரவர் விருப்பத்தால். அந்த மாற்றங்களைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் செழியன்களும் கயல்விழிகளும் பிறந்தார்கள். பெயரின்றிப் பதிவான குழந்தைக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்க 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. அதன்பிறகும் தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். அந்த அவகாசத்தில் நீங்கள் உறவினர்களைக் கண்டு பேசி, நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றை அவர்கள் மனத்தில் பதிய வைக்கலாம்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் அடியில் உங்கள் தலைப்பெழுத்து ‘ஜெ.’ என்றிருந்தது. அதைச் ‘செ.’ என்று திருத்தாமல், உங்கள் தந்தையார் சூடிய பெயருக்கு உரிய எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம்.