மகள் அனுப்பும் அரைச் சொற்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. பத்தாவது வரை படித்தவள். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒரே மகள் கோயம்புத்தூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். எதை எழுதினாலும் பாதிச் சொல்தான் அனுப்புகிறாள். 'ஓகே' கூட 'கே' என்று ஒற்றை எழுத்தாகிவிட்டது. போன மாதம் ஊர்த் திருவிழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வி, ஆர், எல், ஏ என்று நாலு ஆங்கில எழுத்தில் பதில் வந்தது. வரலாம் என்று சொல்கிறாள் போல என நினைத்து, நண்டு வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணி வரை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அவள் சொன்னது 'வரல'. கேட்டால், 'உனக்கு ஒண்ணும் புரியாதும்மா' என்கிறாள். பெரியப்பா நலம் விசாரித்ததற்கும் ஒற்றைக் 'கே'தான். அவர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார். காலம் மாறியது எனக்குத்தான் தெரியவில்லையா? இப்படியே எழுதினால் அவள் தமிழ் என்ன ஆகும்? அப்புறம், நான் நீளமாக எதையாவது எழுதினால் 'ம்' என்று மட்டும் அனுப்புகிறாள். அதற்கு என்ன அர்த்தம்?

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

அன்புச் சகோதரி,

பஸ் ஸ்டாப்பில் நின்றீர்களே, அதை முதலில் பேசிவிடலாம். நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. அந்த நாலு எழுத்தை 'வரல' என்றும் படிக்கலாம், 'வரலாம்' என்று எழுத வந்து பாதியில் விட்டதாகவும் படிக்கலாம். மகள் வருவாளா என்று காத்திருக்கும் தாய் இரண்டில் எதைப் படிப்பாள்? நண்டு வாங்கப் போனதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை.

இதில் மொழி சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இதை உங்கள் மகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தமிழில் ஒரு வினைச்சொல் தன் முக்கியமான சேதியையெல்லாம் வாலில் வைத்திருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தாங்க, வருவேன், வரமாட்டேன், வரலாம், வரலை. வந்தது யார், ஒருவரா பலரா, எப்போது, மரியாதைக்குரியவரா, உண்டா இல்லையா, அத்தனையும் கடைசி இரண்டு மூன்று எழுத்தில்தான். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் தனித்தனிச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. 'இல்லை' என்பதற்கான சொல் தனியாக நிற்கும். அதனால் அங்கே ஒரு சொல்லில் நாலு எழுத்தை உருவினாலும் பொருள் எப்படியோ தப்பித்துவிடும். அதே கத்தரியைத் தமிழில் வைத்தால் முதலில் விழுவது 'இல்லை'யும் மரியாதையும்தான். 'வாங்க' என்பதில் வாலை வெட்டினால் மிஞ்சுவது 'வா'.

போதாதற்குத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. குறில் நெடில் பார்ப்பதில்லை. படமா பாடமா, பல்லா பாலா என்பதை முன்பின் சொற்களை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த முன்பின் சொற்களையும் சுருக்கிவிட்டால் ஊகிப்பதற்கு என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார். காற்று பலமாக இருக்கும் என்று எச்சரிக்கை வந்தால் மீன்துறையில் டோக்கன் கிடைக்காது, அன்று கடலுக்குப் போக முடியாது. அந்த விடியற்காலையில் 'தொழிலுக்கு உண்டா' என்று படகு டிரைவர் கேட்க, பதில் எழுதுகிறவர் 'போகல' என்பதையோ 'போகலாம்' என்பதையோ நாலு எழுத்தாகச் சுருக்கிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கரைக்கும் கடலுக்கும் நடுவே வெறும் ஒரு 'லாம்'.

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் தேதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம்தான். ஆங்கில எழுத்தாக இருந்தால் அதில் 160 அடங்கும். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் இடம் வேண்டும் என்பதால் 70தான். அதிலும் துணைக்காலும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'வரலாம்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து, போனுக்கு ஆறு. எல்லை தாண்டினால் இன்னொரு செய்திக்குக் காசு. தமிழ் எழுத்தே இல்லாத போன்களும் நிறைய இருந்தன. பட்டன் போனில் 'எஸ்' என்ற ஒரே எழுத்து வர ஏழாம் பட்டனை நாலு தடவை அமுக்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படியிருக்கும்போது யார்தான் சுருக்க மாட்டார்கள்? நானும் சுருக்கினேன். இன்று வாட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசு இல்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. காரணம் போய்விட்டது, கை மட்டும் பழகியபடியே ஓடுகிறது.

அதற்காகச் சுருக்கத்தையே தப்பு என்று சொல்ல மாட்டேன். நம் முன்னோர் பத்திரங்களில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று ஒற்றைக் குறியில் முடித்தார்கள். 'மேற்படி' என்று எழுதச் சலித்து ௸ போட்டார்கள். இந்தக் குறிகள் இன்றைக்கும் கணினியில் இருக்கின்றன. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வேறு சொல் வைத்துப் பேசிக்கொள்வதற்கு நன்னூல் 'குழூஉக்குறி' என்று பெயரே கொடுத்திருக்கிறது. பொற்கொல்லர்கள் தங்கத்தைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் மகளும் விடுதித் தோழிகளும் எழுதிக்கொள்வது அந்த வகைதான். அவர்களுக்குள் அது நன்றாகவே புரிகிறது, அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. அதனால் அவள் தமிழ் கெட்டுப்போகும் என்று நான் பயப்படவில்லை. முழுச் சொல் தெரிந்தவள்தான் அதைச் சுருக்குகிறாள். முழுச் சொல்லையே எழுதிப் பழகாத ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் போனைக் கொடுத்தால்தான் எனக்குக் கவலை.

குழூஉக்குறியைக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம் பேசினால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிறார்களே புயல் கூண்டு, அதைவிடச் சுருக்கமான சேதி எதுவும் இல்லை. வெறும் எண். 1 என்றால் எங்கோ தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. 3 என்றால் துறைமுகப் பக்கம் பலத்த காற்று. 8, 9, 10 பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த எண்கள் பலன் தருவதற்குக் காரணம், ஏற்றுகிறவரும் பார்க்கிறவரும் முன்னாலேயே ஒரே பொருளுக்கு உடன்பட்டிருப்பதுதான். உங்களுக்கும் மகளுக்கும் அப்படி ஓர் உடன்பாடு இல்லை. 'உனக்கு ஒண்ணும் புரியாது' என்று அவள் சொன்னது சரியில்லை. புரியும்படி எழுத வேண்டியது எழுதுகிறவளின் பொறுப்பு.

இதைக் கண்டிப்பாகச் சொன்னால் எடுபடாது. அவள் படிப்பிலிருந்தே தொடங்குங்கள். இன்சுலின் அளவு எழுதும்போது 'யூனிட்' என்பதைச் சுருக்கி ஆங்கில 'யூ' என்று மட்டும் எழுதலாமா என்று அவளிடம் கேளுங்கள். கூடாது. அவசரக் கையெழுத்தில் அந்த 'யூ' பூஜ்யம் போலத் தெரிந்துவிடும், 10 யூனிட் 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட, எழுதக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. நோயாளியின் சீட்டில் முழுதாக எழுத வேண்டும் என்று கற்கிற பெண், அம்மாவுக்கு எழுதும்போது மட்டும் ஏன் சுருக்குகிறோம் என்று அவளே யோசிப்பாள்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள். அவள் வழக்கமாகப் போடும் சுருக்கங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். அவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பதிலாக அவள் ஒன்று ஒத்துக்கொள்ளட்டும்: வருவது வராதது, பணம், உடம்பு, இந்த மூன்றை மட்டும் வால் வெட்டாமல் முழுதாக எழுதுவது. எழுத நேரமில்லையென்றால் மைக்கை அழுத்திக் குரலில் 'வரலைம்மா' என்று சொல்லட்டும். போன் கீபோர்டிலேயே தமிழில் பேசினால் தமிழில் எழுத்தாகும் வசதியும் இருக்கிறது. நீங்களும் சந்தேகம் வந்தால் ஊகித்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 'வர்றியா, வரலையா?' என்று உடனே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பெரியப்பாவுக்கு அவளே போன் போட்டுப் பேசட்டும். அந்த ஒற்றை எழுத்துக்கு விளக்கம் சொல்லி நீங்கள் சமாதானம் செய்ய வேண்டாம்.

கடைசியாக அந்த 'ம்'. உங்கள் கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது படுக்கையில் கதை சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் 'உம்' கொட்டியிருப்பாள். உம் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம், நீங்களும் கதையை நிறுத்தியிருப்பீர்கள். உம் வருகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது போனில் வருகிற 'ம்'மில் குரல் இல்லை, அதனால் அது பட்டுக்கொள்ளாத பேச்சாகத் தெரிகிறது. ஒருமுறை அதைப் பழைய உம் என்றே எடுத்துக்கொண்டு பாருங்கள். 'ம்' வந்ததும் போனைக் கீழே வைத்துவிடாமல் மீதியையும் எழுதுங்கள். அன்றைக்கு வலையில் என்ன பட்டது, நண்டு என்ன விலை போனது, அப்பா எத்தனை மணிக்குக் கரை சேர்ந்தார், பக்கத்து வீட்டில் யாருக்கு நிச்சயம் ஆனது என்று.