பாலுக்குப் பூனை காவல்

கேள்வி: மனிதர்களைக் காப்பதற்காக ஓநாய் மனிதர்களையும் பிசாசுகளையும் வேட்டையாடும் ஓர் இரத்தக் காட்டேரியை நாயகனாக வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். "ரத்தம் குடிக்கிறவன் எதற்கு மனுஷனைக் காப்பாற்றுகிறான்?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: நண்பர்களின் வாயை அடைப்பது சுலபம். தென்கிழக்கு ஐரோப்பாவில் உள்ள பால்கன் பகுதிக் கிராமங்களின் நம்பிக்கையில் 'தம்பீர்' என்று ஓர் ஆள் உண்டு. காட்டேரிக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன். மற்றவர் கண்ணுக்குப் படாத காட்டேரி அவன் கண்ணுக்குப் படும், அதைக் கொல்லவும் அவனால் முடியும். காட்டேரித் தொல்லை என்று ஊர் பயந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் தர்மத்துக்கு வரவில்லை, கூலி வாங்கிக்கொண்டுதான் வந்தான். ஆக, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது உங்கள் கண்டுபிடிப்பும் இல்லை, குற்றமும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பூனைக்குப் பசியே இல்லை.

ஆட்டு ரத்தத்தை பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்கிறான். மந்திர மோதிரம் போட்டிருப்பதால் வெயில் சுடுவதில்லை. காப்பாற்றப்பட்டவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இதற்குக் காட்டேரி எதற்கு? பல் நீண்ட போலீஸ்காரர் போதுமே! வெயில் விதியை மாற்றியதற்காகக் கோபப்படவில்லை. 1897-ல் வந்த 'டிராகுலா' நாவலிலேயே காட்டேரியான டிராகுலா பிரபு லண்டனில் பட்டப்பகலில் நடமாடுகிறார். பகலில் அவர் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டதும் புகையாக மறைவது 1922-ல் 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படம் பரப்பிய வழக்கம். அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். பசியை மட்டும் எடுத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஓநாய் மனிதன் செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் காயம், ரத்தம் வழிகிறது. மூன்று இரவாக நாயகன் எதுவும் குடிக்கவில்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்புறம்? "அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தான். டாக்டர் நன்றி சொன்னார்." இரண்டே வரி! உங்கள் கதை முழுவதும் அங்கேதான் இருந்தது. காயத்தை அழுத்திப் பிடித்த கை ரத்தத்தில் நனைந்திருக்குமே, அந்தக் கையை அவன் என்ன செய்தான்? கண் விழித்த அந்தப் பெண் முதலில் பார்ப்பது அவன் பற்களை அல்லவா?

இன்னொன்று. ஓநாய் மனிதன் உங்கள் கதையில் பௌர்ணமிக்குத்தான் உருமாறுகிறான். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே 29 நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அவன் மனிதன், ஒருவேளை வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கவும் ஆள் இருக்கலாம். மனிதர்களைக் காக்கிறேன் என்று கிளம்பியவன் யாரைக் கொன்றுகொண்டிருக்கிறான்? கும்பிடாத ஒரே ஓர் ஆளாகச் செத்தவனின் மனைவியை மூன்றாம் அத்தியாயத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள், பார்ப்போம்.

பிசாசுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவை வருகின்றன, அடி வாங்குகின்றன, போகின்றன. இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, நான்காம் அத்தியாயத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அந்த இரண்டு வரியை இரண்டு பக்கமாக்கி அனுப்புங்கள். மோதிரத்தைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.